தவறாகச் சந்தேகிக்கும் உரிமை

இணையப் பாதுகாப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பையன்களும் உண்டு. தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. வங்கியின் கணினிப் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “நாங்க இந்த வேலைக்கு செட் ஆவோமா, மேடம்?”

கேள்வி தலைகீழாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வேன். அந்தப் பணியிடம் உங்களுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் சம்பளம் வாங்குவதே சந்தேகப்படுவதற்குத்தான். கண்காணிப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நாள் முழுக்க அலர்ட்டுகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. யாரோ பாஸ்வேர்டை மறந்து நான்கு முறை தட்டியிருப்பார், யாரோ வெளியூர் போய் அங்கிருந்து உள்ளே நுழைந்திருப்பார். இந்தக் குவியலுக்குள்தான் உண்மையான திருட்டும் கிடக்கும். ஆகவே நல்ல ஆள் என்றால் பலமுறை தவறாகச் சந்தேகித்தே ஆக வேண்டும். “இது சரியாகப் படவில்லை” என்று எழுந்து சொல்லி, விசாரித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து, வெட்கப்படாமல் மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும்.

தவறாகச் சந்தேகித்ததற்கு எல்லோரிடமும் ஒரே விலையா வாங்குகிறார்கள்? பத்து ஆண்கள் இருக்கும் குழுவில் ஓர் ஆண் தவறாக எச்சரித்தால், “சரி விடு, அடுத்ததைப் பார்” என்பார்கள். அந்தக் குழுவின் ஒரே பெண் அதையே செய்தால், “இவங்களுக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று பேச்சு அவளைத் தாண்டிப் பெண்கள் எல்லோர் மீதும் போய் விழும். ஒதுக்கீட்டில் வந்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசப்படுகிறவன் ஒருமுறை தவறினால், அவன் சமூகமே தவறியதாகக் கணக்கு. தன் பிழை தன்னோடு நிற்காது என்று தெரிந்தவர், நூற்றுக்கு நூறு உறுதியாகும் வரை வாயைத் திறக்க மாட்டார். உறுதியாவதற்குள் பணம் போய்விட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த வரையில், ஓர் இடம் நம்முடைய இடம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அங்கே நாம் தவறாகச் சந்தேகிக்கலாமா? கைதட்டலும் மகளிர் தினப் பூங்கொத்தும் வேலையில் சேர்ந்த அன்றே கிடைத்துவிடும். இந்த உரிமை கிடைக்கத்தான் காலம் பிடிக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்துறையின் பெரிய தொழில்முறை அமைப்பான ஐஎஸ்சி2, உலகம் முழுவதும் இணையப் பாதுகாப்பில் பெண்கள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறது. பழைய காலத்தை நினைத்தால் முன்னேற்றம்தான். ஆனால் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதோடு கணக்கை முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே இருப்பதும் உரிமையோடு இருப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் தொழிலின் முன்னோர் கதையே சொல்கிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் ஜோன் கிளார்க் என்பவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறியவர். அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை என்பதால் அவருக்கும் பட்டம் இல்லை. 1940இல் பிளெட்ச்லிக்கு வந்தவரை முதலில் எழுத்தர் வேலையில் போட்டார்கள். சில நாட்களிலேயே கணிதமேதை ஆலன் டூரிங் இருந்த எட்டாம் குடில் என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். ஜெர்மன் கடற்படையின் செய்திகளை உடைக்கும் மிகக் கடினமான வேலை அங்கேதான் நடந்தது. அவருக்குச் சம்பள உயர்வு தரலாம் என்று மேலதிகாரிகள் நினைத்தபோது, சங்கேதம் உடைக்கும் பெண் என்று ஒரு பதவியே அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை. அதனால் அவரை மொழியறிஞர் என்ற பதவியில் காட்டினார்கள். அவருக்கோ வேறு மொழி எதுவும் தெரியாது. ஒரு படிவத்தில், பதவி: மொழியறிஞர், தெரிந்த மொழிகள்: எதுவுமில்லை என்று அவர் சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தாராம். 1944இல் அந்தக் குடிலின் துணைத் தலைவரானார். அப்போதும் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம்தான்.

அவருடைய மூளை வேண்டியிருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த மூளைக்கு உரியவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதே போரின்போது அமெரிக்கத் தரைப்படையின் சங்கேதப் பிரிவு வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹால் என்ற இடத்தில் இயங்கியது. அங்கே துப்புரவுத் தொழிலாளியாகச் சேர்ந்த வில்லியம் காஃபி என்ற கறுப்பினத்தவர், பின்னர் கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட ஒரு சங்கேதப் பிரிவுக்குத் தலைவரானார். வணிக நிறுவனங்களின் சங்கேதச் செய்திகளை உடைத்து, எதிரி நாடுகளோடு யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வேலை. வேலை கொடுத்தார்கள், அறையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதே வளாகத்தில் இருந்த பலருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

எட்டாம் குடிலில் இருந்த டூரிங்கின் முடிவு எல்லோரும் அறிந்தது. ஓரினச்சேர்க்கைக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு, அரசின் ரகசியப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டு, 1954இல் இறந்துபோனார். பாதுகாப்புத் துறையில் இருக்கிறவர்கள் இதில் பார்க்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. பிளெட்ச்லியின் வாரிசான பிரிட்டிஷ் உளவு அமைப்பு ஜிசிஹெச்க்யூ, ஓரினச்சேர்க்கையாளர்களை 1990களின் தொடக்கம் வரை வேலைக்குச் சேர்க்கவில்லை. அவர்களை யாராவது மிரட்டி ரகசியங்களைக் கறந்துவிடுவார்கள் என்பது அந்தக் காலத்து வாதம். மிரட்டுவதற்கு ஆயுதமாக இருந்ததே அந்தத் தடைதான் அல்லவா? தெரிந்தால் வேலை போகும் என்பதால்தான் மறைத்தார்கள். மறைத்ததால்தான் மிரட்ட முடிந்தது. தடையை எடுத்தால் மிரட்டலுக்கு வேலையே இல்லை. 2016இல் அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஹன்னிகன் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இன்றும் தன் சாதியையோ, நோயையோ, வீட்டு நிலைமையையோ அலுவலகத்தில் மறைத்தே தீர வேண்டும் என்ற நிலையில் ஒருவரை வைத்திருக்கும் நிறுவனம், எதிரி பிடித்திழுக்க ஒரு கயிற்றைத் தானே நீட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இக்காலத்துக்கு வருவோம். 2013 நவம்பரில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். குளிர்சாதனப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே வந்தவர்கள். 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் பறிபோயின. இதில் நம் பக்கத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. அந்த நிறுவனத்தின் கண்காணிப்புக் குழு ஒன்று பெங்களூரில் இருந்தது. நவம்பர் 30ஆம் தேதி அலர்ட் வந்ததும், பெங்களூர்க் குழு அதைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்று ப்ளூம்பர்க் பிசினஸ்வீக் இதழ் 2014இல் விரிவாக எழுதியது. தலைமையகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. உடனடியாக நடவடிக்கை தேவையில்லை என்று தங்கள் குழு முடிவெடுத்ததாக நிறுவனமும் பின்னர் ஒப்புக்கொண்டது. டிசம்பர் நடுவில்தான் திருட்டை நிறுத்த முடிந்தது.

பெங்களூரிலிருந்து வந்தது என்பதால்தான் அதை ஒதுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றாடம் வரும் ஆயிரம் அலர்ட்டுகளில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கலாம். ஆனால் தொலைதூர மையங்களில் இரவு ஷிஃப்ட் பார்த்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரு டிக்கெட்டை (அலர்ட் பற்றிய பதிவை) மேலே அனுப்பிவிட்டு, பதில் வராவிட்டால் தொலைபேசியை எடுத்து, “தயவுசெய்து இதை இப்போதே பாருங்கள்” என்று அழுத்திச் சொல்லும் தைரியம் அவர்களில் பலருக்கு இருக்காது. “அனுப்பியாச்சு, நம்ம வேலை முடிஞ்சுது” என்று நின்றுவிடுவார்கள். இரண்டாம் முறை வற்புறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாவது முறை அழைத்தவரிடம் அங்கே எப்படிப் பேசினார்கள் என்றுதான் விசாரிப்பேன்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வங்கிக் கண்காணிப்பு மையத்தில் கமுதிப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். வயதானவர்களின் கணக்கில் புதிய கைபேசி பதிவானால் எங்களுக்கு அலர்ட் வரும். பேரன் புது போன் வாங்கித் தருவான், மகள் தன் போனில் அப்பாவின் கணக்கைப் போட்டுக்கொள்வாள். அதனால் அந்த அலர்ட்டைக் குடும்பத்தினர் உபயோகம் என்று குறித்து மூடிவிடுவது மையத்தின் வழக்கமாக இருந்தது. ஒரு நவம்பர் மாதக் காலைக் கூட்டத்தில், வெளியூர் அலுவலகத்தாரும் இணைப்பில் இருந்தபோது, அவள் ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்திலேயே கூட்டத்தை நடத்தியவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவள் கையிலிருந்த நோட்டை மூடியதைப் பார்த்தேன். “இரும்மா, தமிழ்லயே சொல்லு. நான் அவங்களுக்குச் சொல்றேன்” என்றேன்.

“மேடம், எங்க ஊர்ல பேரப்பிள்ளைங்க கையில தாத்தா போன் சாயங்காலந்தான் வரும், பள்ளிக்கூடம் விட்ட பொறவு. இல்லாட்டி லீவு நாள்ல. இதுல பாருங்க, எல்லாம் செவ்வாக்கிழமை, புதங்கிழமை, பகல் பதினோரு மணி, பன்னண்டு மணி. அந்நேரம் வீட்ல பெரியவங்க மட்டுந்தான் இருப்பாங்க.”

நோட்டில் தேதியும் நேரமும் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். மூடப்பட்ட டிக்கெட்டுகளைத் திறந்து பார்த்தோம். எல்லாம் ஓய்வூதியக் கணக்குகள். நவம்பர் என்றால் ஓய்வூதியர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய மாதம். பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுகிறோம், வீட்டிலிருந்தே சர்டிபிகேட் எடுத்துத் தருகிறோம், இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஏமாற்றி, ஓடிபியை வாங்கி, கணக்கைத் தங்கள் கைபேசிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிளைகளிலிருந்து ஒவ்வொருவரிடமும் பேசச் சொன்னோம். சிலருடைய பணத்தைக் காப்பாற்ற முடிந்தது. சிலருடையது போயிருந்தது. அதன்பின் ஓய்வூதியக் கணக்கில் புது கைபேசி பதிவானால், கிளையிலிருந்து ஒருவர் உரியவரிடம் பேசும் வரை பெரிய தொகை வெளியே போகாது என்று விதியை மாற்றினார்கள்.

கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் கெட்டிக்காரர்கள்தான். அவள் அளவுக்கு, அவளைவிட அதிகமாகவே தொழில் தெரிந்தவர்கள். தாத்தாவின் போன் பேரன் கைக்கு எப்போது வரும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. பாடத்தில் இல்லாத அந்த அறிவு கமுதியிலிருந்து பேருந்தேறி வந்திருந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பிறகு அவள் தயங்காமல் பல சந்தேகங்களை எழுப்பினாள். பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போயின. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் முகமும் வாடவில்லை. அவளுடைய திறமை முதல் நாளிலேயே இருந்தது. தவறாகச் சொல்லவும் அங்கே இடம் உண்டு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆபத்தை யார் எப்படி அனுபவித்திருக்கிறார்களோ, அப்படித்தான் அவர்களுக்கு அது கண்ணில் படும். ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் ஏர்டேக் என்ற சின்ன வில்லையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவிக்கொத்தும் பையும் தொலைந்தால் எங்கே என்று காட்டும். இன்னொருவர் பையில் ஒளித்துவைத்தால் அவர் போகுமிடமெல்லாம் காட்டவும் செய்யும். அதற்கு ஒரு காப்பும் வைத்திருந்தார்கள். உரியவரை விட்டு 3 நாள் பிரிந்திருந்தால் வில்லை ஒலி எழுப்பும். அந்நியன் ஒருவன் பின்தொடர்ந்தால் அது ஓரளவு உதவும். சந்தேகப் புத்தியுள்ள கணவன் மனைவியின் பையில் வைத்தால்? இருவரும் ஒரே வீட்டில் அல்லவா தூங்குகிறார்கள்? அவன் கைபேசி அருகே வந்ததும் அந்த 3 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். விமர்சனம் கிளம்பிய பிறகு, ஜூனில் அந்த நேரத்தை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் என்று குறைத்தார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிக்காரர்களுக்கான கண்டறியும் செயலி டிசம்பரில்தான் வந்தது. வீட்டுக்குள் இருப்பவனைப் பார்த்துப் பயந்து வாழ்ந்த ஒருத்தியின் பேச்சுக்கு வடிவமைக்கும் மேசையில் எடை இருந்திருந்தால், இந்தக் கேள்வி விற்பனைக்கு முன்பே எழுந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது குழுத் தலைவர்களாக இருப்பவர்களிடம் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். “பொம்பளைப் பிள்ளை, நைட் ஷிஃப்ட் வேண்டாம்” என்று அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். பெரிய தாக்குதல்கள் பல இரவிலும் விடுமுறையிலும் வரும். அப்போது அங்கே இல்லாதவளிடம் பதவி உயர்வு நேர்காணலில், “பெரிய இன்சிடென்ட் எதையாவது கையாண்டிருக்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று அவளையே கேளுங்கள். வேண்டும் என்றால் நம்பகமான வண்டியும், அதே மாடியில் பெண்களுக்கான கழிப்பறையும் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அடுத்த கட்டிடத்துக்குத் தனியாக நடந்துபோக வேண்டியிருந்த மையத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ் தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. இத்துறையில் பெரிதாக மதிக்கப்படும் சிஐஎஸ்எஸ்பி தேர்வின் கட்டணம் 749 டாலர். முழுச் சான்றிதழ் கையில் வர 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து வந்த பையனின் அப்பாவுக்கு அந்தக் கட்டணம் பல மாத வருமானம். எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவை என்று யோசிக்காமல் எல்லா விளம்பரத்திலும் அதை எழுதிவைப்பதை நிறுத்துங்கள். தேவையென்றால், சேர்த்துக்கொண்டு நிறுவனமே கட்டட்டும்.

அடுத்தது, நம் அலுவலகங்களில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் ஒரு கேள்வி. “சொந்த ஊர் எது தம்பி?” இதுவரை சரி. “அங்க எந்தத் தெரு?” “குலதெய்வம் எது?” எதைத் தெரிந்துகொள்ள இப்படிச் சுற்றி வருகிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பையன் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்துதான் பேசுவான். அளந்து பேசுகிறவனிடமிருந்து அவசரத்தில் எச்சரிக்கை வராது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. கணினித் தொழிலோடு நம் சாதியும் கடல் கடந்து போனதால்தான் அங்கே அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சந்தேகம் வந்தால் வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள், டிக்கெட்டில் நேரத்தோடு எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், ஏன் சரியாகப் படவில்லை, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், தேதியும் நேரமும் தடுமாறாமல் இருந்தால் போதும். குழுவில் உங்கள் பேச்சைக் கேட்கும் ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். அவர் உங்கள் ஊராகவோ உங்கள் பாலினமாகவோ இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எந்த வகையிலும் என்னைப் போன்றவர் அல்லர். இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் சந்தேகம் மதிக்கப்படவில்லை என்றால், அந்த இடத்தை விட்டுப் போவதில் குற்றமில்லை. உலகம் முழுவதும் இத்துறையில் ஏறத்தாழ 55 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், இன்னும் 48 லட்சம் பேர் தேவைப்படுகிறார்கள் என்று ஐஎஸ்சி2 2024இல் மதிப்பிட்டது. உங்களுக்கு அவர்கள் தேவைப்படுவதைவிட அவர்களுக்கு நீங்கள் அதிகம் தேவைப்படுகிறீர்கள்.

அடுத்த நேர்காணலில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று கடைசியில் கேட்பார்களே, அப்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: “உங்கள் குழுவில் மிக இளையவர் எழுப்பிய சந்தேகம் ஒன்று தவறாகப் போனபோது என்ன செய்தீர்கள்?” எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி என்று பொதுவாகப் பதில் வந்தால் இன்னும் இரண்டு இடங்களில் விண்ணப்பித்துப் பாருங்கள். யார், எப்போது, என்ன சந்தேகம் என்று ஒரு சம்பவத்தை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்கள் என்றால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கே சேர்ந்துவிடுங்கள்.